ருமேனிய பி.எஸ்.எல். ரைஃபிள்: அமெரிக்காவில் முதன்முறை வாங்குபவர்களுக்கு

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை அலமாரியில் நீளமான குழலும் தோளில் வைக்கும், நடுவில் ஓட்டை விட்ட மரக்கட்டையும் பக்கவாட்டில் பொருத்திய ஸ்கோப்புமாக ஒரு ரைஃபிள் இருந்தால், "ருமேனியன் டிரகுனோவ்" என்று சொல்லித்தான் விற்பார்கள். அது டிரகுனோவ் இல்லை, பி.எஸ்.எல். என்ற வேறு ரைஃபிள். சோவியத் ராணுவம் 1963-இல் ஏற்றுக்கொண்ட எஸ்.வி.டி. ரைஃபிளை வடிவமைத்தவர் எவ்கெனி டிரகுனோவ். அதன் ரிசீவர், அதாவது உள்பாகங்களைத் தாங்கும் உடல், இரும்புக் கட்டியைக் கடைந்து செய்தது. வெடிவாயு தள்ளும் பிஸ்டனும், தோட்டா அறையை மூடும் போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியரும் அதில் தனித்தனி. பி.எஸ்.எல். அப்படி இல்லை. ஏ.கே. குடும்பத்தின் இலகு இயந்திரத் துப்பாக்கியான ஆர்.பி.கே.யின் தகடு ரிசீவரைப் பெரிதாக்கி, 7.62×54ஆர் என்ற பெரிய தோட்டாவுக்கு ஏற்றபடி ருமேனியாவின் குஜிர் ஆலையில் செய்தார்கள். பிஸ்டனும் கேரியரும் ஒன்றாக ஓடும். 1968-இல் செக்கோஸ்லோவாக்கியா மீதான படையெடுப்பில் சேர மறுத்த பிறகு, ஆயுதங்களைச் சொந்தமாகச் செய்வதில் ருமேனியா மும்முரமானது. 1974-இல் படைக்கு வந்த இந்த ரைஃபிளும் அந்தக் காலத்தின் பிள்ளைதான்.

இரண்டும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எஸ்.வி.டி.யின் மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) இதில் சேராது. எஸ்.வி.டி.க்குச் சொல்லப்படும் துல்லியத்தை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் இதை இதன் போக்கில் பழகினால் பல வருஷம் அலுக்காத ரைஃபிள். நிதானமாகச் சுடக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம்.

முதலில் சட்டம்

நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனாலும் விசாவில் இருக்கும்போது வக்கீலைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். தவறினால் ரைஃபிளோடு போகாது, குடியேற்றமே சிக்கலாகிவிடும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

அடுத்து மாநிலம். டெக்சாஸில் சாதாரணமாக வாங்கக்கூடியதை கலிஃபோர்னியாவில் வைத்திருந்தாலே குற்றமாகலாம். கழற்றி மாட்டும் மேகசின் உள்ள செமி ஆட்டோ (ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) ரைஃபிளில் கட்டைவிரல் ஓட்டை விட்ட கட்டை இருப்பதை அந்த மாநிலச் சட்டம் தனியாகக் குறிப்பிடுகிறது. பி.எஸ்.எல்.லின் கட்டை அப்படிப்பட்டதுதான். நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்களுக்கும் தனித் தடைகள் உண்டு. வேலை மாறி மாநிலம் மாறுவதென்றால், லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்பே புதிய ஊரின் சட்டத்தைப் பாருங்கள்.

வாங்கும் முறை எளிது. உரிமம் பெற்ற டீலரிடம் 4473 படிவத்தை நிரப்ப வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கார்டில் உள்ள ஏ-எண்ணையும் எழுத வேண்டும். அடையாள அட்டையில் இருப்பது இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்கட்டும். அங்கிருந்து எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் என்ற பின்னணிச் சரிபார்ப்புக்குப் போகும். பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும், சில சமயம் நாட்கள் தள்ளிப்போகும். படிவத்தில் கஞ்சா பற்றிய கேள்வி ஒன்று இருக்கும். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி என்றாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் சரியில்லை. அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். தனியாரிடமிருந்து வாங்குவதானாலும் ஒரு டீலர் வழியாகவே மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கட்டணம் போகும், ஆனால் கையில் காகிதம் இருக்கும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

ரோமாக்-3, பி.எஸ்.எல்.-54சி, எஸ்.எஸ்.ஜி.-97, எஃப்.பி.கே. என்று பல பெயர்களில் இது இறக்குமதியானது. எல்லாம் அடிப்படையில் ஒரே ரைஃபிள்தான். விலை முன்பைவிட நன்றாக ஏறிவிட்டது. எனவே பார்க்காமல் வாங்காதீர்கள்.

மேல் மூடியைக் கழற்றச் சொல்லி ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். போல்ட் கேரியர் பின்னால் வந்து இடிக்கும் இடத்தில் நசுங்கலோ விரிசலோ இருந்தால், அந்த ரைஃபிளில் கனமான குண்டுகளை நிறையச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரிவெட்டுகள் ஆடக் கூடாது. அப்புறம் பின்னால் நின்று இரண்டு சைட்டுகளையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். முன் சைட் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ருமேனிய ரைஃபிள்களில் அடிக்கடி காணும் குறை. ஸ்கோப் ஏறும் பக்கத் தண்டவாளமும் நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். போல்ட், கேரியர், ரிசீவர் எண்கள் பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் தோட்டா அறைக்கும் இடையிலான அளவு, சரியா என்று அளந்த பிறகே சுட வேண்டும்.

பக்கங்களில் பெருக்கல் குறி போல அழுத்திய 10 தோட்டா மேகசின்தான் இதற்குரியது. ரைஃபிளோடு எத்தனை மேகசின் வருகிறது என்று கேட்டுப் பேரம் பேசுங்கள். தனியாக வாங்கினால் விலை அதிகம்.

இறக்குமதி ரைஃபிளில் பாகங்களை மாற்ற ஆசைப்படுபவர்கள் 922(ஆர்) என்ற கூட்டாட்சி விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டியலில் உள்ள இறக்குமதிப் பாகங்கள் 10-க்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது. புதிதாக வாங்கியவர் எதையும் மாற்றாமல் முதல் வருஷத்தை ஓட்டுவது நல்லது.

தோட்டா

ரஷ்யப் பேரரசு 1891-இல் கொண்டுவந்த தோட்டா இது. இன்றும் படைகளில் ஓடுகிறது. பின்புறம் விளிம்பு வைத்தது, அதனால் மேகசினில் நிரப்பும்போது ஒரு கவனம் தேவை. மேலே வரும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போல்ட் பாதியில் நின்றுவிடும்.

குண்டின் எடைதான் முக்கியம், அதை கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள். 147 முதல் 150 கிரெயின் வரையுள்ள இலகுவான குண்டுகளை மட்டும் சுடுங்கள். கடையில் 180, 182 கிரெயின் பெட்டிகளும் அதே அலமாரியில் இருக்கும், அவையும் உள்ளே போகும், சுடும். ஆனால் கேரியர் அதிக வேகத்தில் பின்னால் போய் ரிசீவரை இடிக்கும். மேலே சொன்ன நசுங்கல் இப்படித்தான் வருகிறது. கனமான குண்டுதான் வேண்டும் என்பவர்கள், கேஸை (வெடிவாயுவை) குறைக்கும் வால்வு தனியாகக் கிடைக்கிறது, அதைப் பொருத்திவிட்டுச் சுடட்டும்.

பழைய ராணுவச் சரக்கில் குண்டின் நுனி நிறத்தைப் பாருங்கள். வெள்ளி நிறம் என்றால் இலகுவான குண்டு, உள்ளே எஃகு. மஞ்சள் என்றால் கனமானது. கறுப்பும் சிவப்புமாக இருந்தால் தீப்பிடிக்க வைக்கும் வகை, அதைத் தொடவே வேண்டாம். எஃகு உள்ள குண்டுகளைப் பல ரேஞ்சுகள் (சுட்டுப் பழகும் இடங்கள்) அனுமதிப்பதில்லை. வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் நீங்களும் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் திரும்பி வர வேண்டியதில்லை.

தகர டப்பாவில் 440 தோட்டா என்று மலிவாக அள்ளிவந்த காலம் போய்விட்டது. 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதியை அமெரிக்கா நிறுத்திவிட்டது. இப்போது செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான், செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோ போன்றவற்றின் புதிய தோட்டாக்களைத்தான் நம்ப வேண்டும். பிர்வி பார்ட்டிசானின் 150 கிரெயின் வகை இந்த ரைஃபிளுக்குப் பொருத்தம். விலை கூடத்தான். அந்த விலையும் ஒரு விதத்தில் நல்லதே. ஒவ்வொரு தோட்டாவையும் யோசித்துச் சுட வைக்கிறது.

ரேஞ்சுக்குப் போகும் முதல் நாள்

நான்கு விதிகளை மனப்பாடம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே எண்ண வேண்டும். அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழல் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே நேராக நீண்டிருக்க வேண்டும். இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டே சுட வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்ற மூன்றும் காப்பாற்றும். இரண்டைத் தவறவிட்டால் உயிர் போகும்.

காதுக்கு நுரை அடைப்பானும் அதன்மேல் மஃபும் சேர்த்தே போடுங்கள். 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடிச்சத்தம் ஒரு தடவையிலேயே காதைக் கெடுக்கும். இந்த அளவு ரைஃபிளின் சத்தம் 160-ஐத் தாண்டும். போதாததற்கு, குழல் நுனியில் உதையைக் குறைக்க உள்ள பிரேக் சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரருக்கும் அது நெஞ்சில் அறையும். முடிந்தால் ஓரமான மேஜையைக் கேளுங்கள், வலது ஓரம் இன்னும் நல்லது. காலி உறைகள் வலப்பக்கம் வெகுதூரம் பறக்கும். கண்ணாடி கட்டாயம். கழுத்து மூடிய சட்டை போடுங்கள். சுடச்சுட ஒரு உறை காலருக்குள் விழுந்தால் கை தானாகத் துள்ளும், அந்த நேரத்தில் குழல் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது.

"கோல்ட்" (சுடுவது நிறுத்தம்) என்று அறிவித்தால் மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து விரலாலும் தடவி, கோட்டுக்குப் பின்னால் வந்துவிடுங்கள். ஆட்கள் இலக்குப் பக்கம் நடக்கும்போது ஸ்கோப் வழியாக எட்டிப் பார்ப்பதுகூடத் தவறு. ரேஞ்ச் அதிகாரி கடுமையாகப் பேசினால் மனதில் வைக்காதீர்கள், அவர் வேலை அது.

இன்னும் இரண்டு விஷயம். டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருங்கள். பழைய தோட்டா தாமதமாக வெடிக்கலாம். வழக்கமான உதையும் சத்தமும் இல்லாமல் "புஸ்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் ரிசீவர் முகத்தருகே கிழியும்.

ஸ்கோப்பை நேராக்குவது

இதோடு வரும் எல்.பி.எஸ். ஸ்கோப் 4 மடங்கு பெரிதாக்கும். சோவியத் பி.எஸ்.ஓ.-1 மாதிரியில் செய்தது. தண்டவாளத்தில் ஏற்றி லீவரைப் பூட்டும்போது விரலுக்கு நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். சுலபமாகப் பூட்டிக்கொண்டால் அந்தப் பிடி போதாது. லீவரோடு உள்ள நட்டைக் கொஞ்சம் முறுக்கிச் சரிசெய்யுங்கள். பி.எஸ்.எல். குறி தவறுகிறது என்று புலம்புபவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை குழலில் இல்லை, இந்தப் பிடியில்தான் இருக்கிறது.

25 யார்டில் பெரிய காகிதத்தோடு தொடங்குங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே இருப்பதால், இவ்வளவு கிட்டத்தில் குண்டு குறிக்கு ஓரிரு அங்குலம் கீழே விழுவதுதான் சரி. பிறகு 100 யார்டுக்குப் போங்கள். குறி வைக்க வேண்டியது ஸ்கோப்புக்குள் நடுவில் உள்ள மேல் அம்புமுனையின் உச்சியை. அதற்குக் கீழே வரிசையாக உள்ள மூன்றும் 1000 மீட்டரைத் தாண்டிய தூரத்துக்கானவை, நம் ரேஞ்சில் வேலை இல்லை. பக்கவாட்டில் உள்ள சிறு கோடுகள் ஒவ்வொன்றும் 1 மில். 100 மீட்டரில் அது 10 சென்டிமீட்டர். குண்டு ஒரு கோடு இடப்பக்கம் விழுந்தால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இடதுபக்கம் கீழே வளைந்து இறங்கும் கோடு, 1.7 மீட்டர் உயர மனிதனை வைத்துத் தூரத்தை அளப்பதற்காகப் போட்டது. தெரிந்த உயரமுள்ள ஒரு கம்பத்தை வைத்து அதைப் பழகலாம்.

குறி சரியானதும், டரெட்டின் (ஸ்கோப்பில் குறியைத் திருப்பும் குமிழின்) மேலுள்ள சின்னத் திருகுகளைத் தளர்த்துங்கள். உள்தண்டை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் நழுவவிட்டு 1-க்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்குங்கள். மணிக்கடைக்காரர் வைத்திருக்கும் அளவு சின்ன ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அதிகம் முறுக்கினால் மரை போய்விடும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 7 சென்டிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. உதையில் ஸ்கோப் பின்னால் வரும். ரப்பர் கப்பில் முகத்தை அழுத்தாமல், கட்டையைத் தோளோடு உறுதியாகச் சேர்த்துப் பிடித்தால் புருவம் தப்பும். ஸ்கோப் விளக்கு எரியவில்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். பழைய சிலவற்றில் வெளிச்சத்துக்கு டிரிட்டியம் வைத்திருந்தார்கள். அதன் அரை ஆயுள் 12 வருஷத்துக்குச் சற்று அதிகம், எப்போதோ மங்கிப்போயிருக்கும். பகலில் சுட அது தேவையில்லை.

மூன்று சுட்டு நிறுத்துங்கள்

இந்த ரைஃபிளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். ஏறக்குறைய 62 சென்டிமீட்டர் நீளமுள்ள இதன் குழல் மெல்லியது. சூடானால் நெளியும். முதல் மூன்று குண்டுகள் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் கூடும். நான்காவது தள்ளி விழும், ஐந்தாவது இன்னும் தள்ளும், பெரும்பாலும் ஒரே திசையில். புதியவர் ஸ்கோப் நகர்ந்துவிட்டது என்று டரெட்டைத் திருப்புவார். குழல் ஆறியதும் எல்லாமே எதிர்ப்பக்கம் விழும். மறுபடி திருப்புவார். ஒரு பெட்டி தோட்டா இப்படியே கரையும்.

எனவே மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழல் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறட்டும். வெயில் காலத்தில் பத்து நிமிஷம்கூட ஆகும். டரெட்டைத் திருப்புவது ஆறிய குழலில் விழுந்த மூன்றை வைத்து மட்டும்தான். 100 யார்டில் இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் கூட்டினால் ரைஃபிள் தன் வேலையைச் செய்கிறது, நீங்களும் செய்கிறீர்கள். அதற்குமேல் இறுக்க ஆசைப்படுபவருக்கு வேறு ரைஃபிள் தேவை.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய முதல் குண்டு எங்கே விழுந்தது, வெப்பம் எவ்வளவு, எந்தத் தோட்டா என்று எழுதுங்கள். குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே போகும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் இந்த ரைஃபிளை அறிந்தவர்.

மணல் பையை முன்பக்க மரப்பிடிக்குக் கீழே வையுங்கள். குழலை எதன்மேலும் சாய்க்காதீர்கள், மேகசினை ஊன்றிச் சுடாதீர்கள். இரண்டும் குறியை மாற்றும். டிரிகர் முதலில் தளர்வாக வந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கே நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, மெல்ல அழுத்துங்கள். வெடித்த பிறகும் டிரிகரைப் பிடித்தபடியே குறியைப் பாருங்கள். உதைக்கு முன்பே கண்ணை மூடும் பழக்கம் எல்லோருக்கும் வரும். நண்பர் ஒருவரை மேகசினில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைக்கச் சொன்னால், அது வரும்போது குழல் துள்ளுகிறதா என்று தெரிந்துவிடும்.

உப்பைக் கழுவுவது

பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும், நாளை என்று தள்ளக் கூடாது. அதன் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பொட்டில்) பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும். ஹூஸ்டன் மாதிரியான ஊரில் ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் பிஸ்டன் தலையில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, மேலே மூடி மட்டும் வைக்கும். தண்ணீர்தான் கரைக்கும். இதற்கென்று விலை உயர்ந்த திரவம் எதுவும் வேண்டாம்.

மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று பார்த்த பிறகு மேல் மூடி, ஸ்பிரிங், கேரியர், போல்ட், கேஸ் குழாய் என்று வரிசையாகக் கழற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழல் வழியாக ஊற்றுங்கள். குழலோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். கேஸ் வந்து போகும் இடமெல்லாம் உப்பு இருக்கும்: கேஸ் பிளாக், குழாயின் உட்புறம், பிஸ்டன், போல்ட் முகம், குழல் நுனியின் பிரேக். கொதிநீர் பட்ட இரும்பு சூட்டிலேயே சீக்கிரம் உலரும். உலர்ந்ததும் வழக்கம்போலத் துடைத்து, மெல்ல எண்ணெய் போடுங்கள். ரிசீவர் பின்னால் அடைத்திருப்பதால் துடைக்கும் கம்பியை நுனிப்பக்கமிருந்துதான் விட வேண்டும். நுனி தேய்ந்தால் குறி கெடும், ஆகவே கயிறு போல உள்ளே விட்டு இழுக்கும் வகை நல்லது. புதிய தோட்டாவாக இருந்தால் இந்தத் தண்ணீர் வேலை தேவையில்லை.

கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள். ரேஞ்சில் போட்ட சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். ஈயத்தூள் பெரியவர்களைவிடக் குழந்தைகளை அதிகம் பாதிக்கும்.

வீட்டிலும் பயணத்திலும்

ரைஃபிள் பூட்டிய இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில். குழந்தைக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது என்று நம்பாதீர்கள், தெரிந்திருக்கும். எண் பூட்டு நல்லது. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில், உங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வழியில் ரைஃபிளை வெளியே ஒப்படைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது ரைஃபிளை எடுத்துப் போகும் எண்ணமே வேண்டாம். அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று பலருக்குத் தோன்றுவதில்லை. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிறது. விடுமுறை முழுக்க போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கழியும். ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை வைத்து, அதில் பெரிய எழுத்தில் குறித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஜாக்கெட் பாக்கெட்டுகளையும் உதறிப் பாருங்கள்.